உயிரோடிருந்த பிள்ளைகளுக்கு மாலை

எதையும் பலதரம் யோசித்துத்தான் செய்வேன். அப்படி யோசித்துச் செய்துதான் ஒருநாள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் சாகடித்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். முள்ளிவாய்க்கால் பக்கம் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் புதுச் சித்திர ரீச்சர். கைக்குழந்தையை வகுப்பு மூலையில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுப் படிப்பிப்பேன். (அவள் அழுதாலும் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம்.)

ஐந்தாம் வகுப்புச் செல்வராணிக்குக் கோடு தானாக வரும். ஆனால் அவளுடைய தாய் திரேசம்மா, "கருவாடு காயவிட ஆளில்லை ரீச்சர், இந்தத் தவணையோட நிப்பாட்டப் போறன்" என்று சொல்லிவிட்டார். பெற்றோர் வரும் நாளில் மகள் கீறியதைக் கண்டால் மனம் மாறுவார் என்று நம்பினேன்.

பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் மெக்சிக்கோ ஓவியங்கள் இருந்தன. ஒரு பெண் தன்னைத் தானே வரைந்திருந்தாள். தலை நிறையப் பூ, தோளில் குரங்கு, அசையாத பார்வை. பிள்ளைகளுக்குக் காட்டி, "உங்கட முகத்தைக் கீறுங்கோ. சுத்திவர உங்கட மனசில இருக்கிறதைக் கீறுங்கோ" என்றேன்.

"குரங்கு கட்டாயமோ ரீச்சர்?"

ஒருவன் தோளில் ஆட்டுக்குட்டியை ஏற்றினான். செல்வராணி தன் தலைமுடியையே கடலாக்கி, அதற்குள் மீன்களை நீந்தவிட்டிருந்தாள். நானும் என் குழந்தையின் முகத்தைக் கீறிச் சுவரில் மாட்டிய வரிசையில் சேர்த்தேன்.

படங்களில் தலைப்பூவுக்குச் சிவப்பு வர்ணம் போதவில்லை. யோசித்தேன். செவ்வலரிப் பூவைக் கோத்து ஒவ்வொரு படத்துக்கும் தொங்கவிட்டேன். பெற்றோர் வரும் அன்றைக்குப் பார்த்து மழை இருட்டு. மறுபடி யோசித்தேன். படங்களின் கீழே குப்பிவிளக்குகளை ஏற்றினேன். நுளம்பு கடிக்க வந்தது. (ஓம், அதற்கும் யோசித்தேன்.) சாம்பிராணி போட்டேன்.

செத்தவீட்டுக்குரிய எதையும் நான் தவறவிடவில்லை.

முதலில் வந்தவர் திரேசம்மா. வாசலில் நின்றபடி பார்த்தார். மாலைக்குள் மகளின் முகம், கீழே விளக்கு, புகை.

"ஐயோ, என்ர ராசாத்தி!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். பின்னால் வந்த தாய்மாரும் என்ன ஏதென்று கேளாமலே சேர்ந்து அழத் தொடங்கினார்கள். செல்வராணி ஓடிவந்து, "அம்மா, நான் இஞ்ச நிக்கிறன்" என்று தோளை உலுப்ப, திரேசம்மா இன்னும் உரக்க அலறினார்.

அழுகை அடங்கியபின் அவருடைய கண் என் குழந்தையின் படத்தில் நின்றது.

"பெத்த பிள்ளைக்குமா மாலை போட்டனீங்கள், ரீச்சர்?"

ஏணைக்கு ஓடிப்போய்ப் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

"படத்தையாவது கொண்டுபோங்கோ அக்கா" என்று கெஞ்சினேன்.

"அதை நான் வீட்டுக்குள்ள எடுக்கமாட்டன்."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். அடுத்த நாள் செல்வராணி வரவில்லை. அடுத்த தவணையும் வரவில்லை. கரையில் கருவாடு புரட்டிக்கொண்டு நிற்கும்போது என்னைக் கண்டால் கை காட்டுவாள். நான்தான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அன்று வீட்டுக்கு வந்து நான் விம்மி விம்மிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என் கணவர், "என்ர முகத்தை மட்டும் கீறிப்போடாதையும்" என்றார்.

இன்றைக்கும் யாருடைய படத்தையாவது மாட்ட நான் ஆணியை எடுத்தால், அன்று ஏணையில் கிடந்த மகள், "அம்மா, ஆள் இன்னும் உயிரோட இருக்குது" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

செல்வராணியின் படம் மட்டும் என் அலுமாரிக்குள் கிடக்கிறது. அதை மாட்ட ஆசைதான்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.