தேத்தண்ணிக்கு எழும்பிய நேரம்

எதை விடுவது என்று தெரிந்தவன்தான் வீடியோக்காரன் என்று நம்பியிருந்த மடையன் நான். எண்பதுகளின் கடைசியில் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கலியாணங்களில் முக்கால்வாசி என் கமராவில்தான் நடந்தன. (மிச்சக் கலியாணக்காரர் நான் எடுத்ததை ஏற்கெனவே பார்த்தவர்கள்.) ஐயர் நெருப்பை ஊதினால் நிப்பாட்டுவேன். சனம் சாப்பாட்டுக்கு எழும்பினால் நிப்பாட்டுவேன். கசெற்றில் ஆள் அசையவேண்டும், அவ்வளவுதான் என் சினிமா ஞானம்.

மனைவிக்கு ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே இங்க்ரிட் என்று ஒரு நோர்வேக் கிழவி. தகப்பன் பேசாத படக் காலத்து இயக்குநர். அந்த நாட்டில் முதன்முதல் கதைப்படம் எடுத்தவர்களில் ஒருவராம். கமராவை வள்ளத்தில் ஏற்றித் தீவு தீவாகத் திரிந்தவராம். பேசும் படம் வந்ததும் மனுசனை ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தார். படமெல்லாம் அழிந்து, மிஞ்சியது இங்க்ரிட்டிடம் இருந்த ஒரேயொரு சின்னச் சுருள்.

"இஞ்சேருங்கோ, அவ கனநாள் தாங்கமாட்டா. அந்தச் சுருளை ரிவியில பாக்கிறமாதிரி எடுத்துக் குடுங்கோ" என்றா மனைவி. இங்க்ரிட்டைப் பெற்ற கையோடு செத்துப்போன தாய் அதன் கடைசிக் காட்சியில் வருகிறா, தாயின் வேறு படமே இல்லை என்றும் கிழவி சொன்னாவாம். நான் அப்போது பற்றரி தேடிக்கொண்டிருந்தேன்.

இரவல் புரொஜெக்டரால் முன்னறைச் சுவரில் ஓடவிட்டு, கமராவை எதிரே நிறுத்தினேன். வள்ளம் கவிழ்ந்தது, சனம் ஓடியது, எல்லாம் எடுத்தேன். பிறகு ஒரு பெண் கடலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றா. ஐயர் நெருப்பூதுகிற கட்டம்போலத்தான் பட்டது. கமராவை நிப்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தால் அந்தப் பழஞ்சுருள் உக்கின ஓலைமாதிரி நொருங்கி நிலத்தில் கிடந்தது. தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. எடுத்தது போதும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சத்தமில்லாத படத்துக்குப் பாவப்பட்டு நாதஸ்வரமும் சேர்த்தேன்.

இல்லத்துக் கூடத்தில் போட்டோம். வள்ளம் சரியாகக் கெட்டிமேளத்துக்குக் கவிழ்ந்தது. கிழவிகள் எல்லாரும் சிரித்தார்கள், இங்க்ரிட்டும்தான். பிறகு திரை கறுத்தது. அவ மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தா.

"அம்மா எங்கே?"

கமராவை நிப்பாட்டினதையும் சுருள் நொருங்கினதையும் சொன்னேன், தேத்தண்ணியைச் சொல்லவில்லை. அவ என் கையைப் பிடித்தா.

"கடைசியில திரும்பிச் சிரிப்பா. நீர் கண்டனீர்தானே?"

நான் கண்டது முதுகு. மிச்சம் ஓடும்போது சீனி தேடிக்கொண்டிருந்தேன்.

"ஓம், கண்டனான். வடிவாச் சிரிச்சவ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போய், காணாத சிரிப்பைச் சொன்னேன். கிழமைக்குக் கிழமை அது வடிவாகிக்கொண்டே போனது. குளிர்காலம் முடியமுன் இங்க்ரிட் போய்விட்டா.

அன்றிலிருந்து நான் கமராவை நிப்பாட்டுவதில்லை. என் கலியாணக் கசெற்றுகளில் வெறுங்கதிரைகள் பத்து நிமிசம் நிற்கும். ஐயர் ஊதி ஊதியே களைத்துப்போவார். இப்போதும் எல்லாரும் படம் பார்க்கும்போது நான் தேத்தண்ணிக்கு எழும்பினால் மகள் சொல்லுவாள்: "அப்பா, இருங்கோ. ஆராவது திரும்பிச் சிரிப்பினம்."

வீடே சிரிக்கும், மனைவியைத் தவிர. நான் திரும்ப இருந்துவிடுவேன்.