கருப்பராயன் கிடாயை நான் ஏலம் விட்ட கதை

சத்தமாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு நிதானமாக விசாரிக்கத் தெரியாது. வேறு யாரையும் உதாரணம் காட்ட வேண்டாம், நானே போதும்.

துடியலூர்ப் பக்கம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான் உயிர். பூசணிக்காய், சேவல், ஆடு என்று ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவருவதை ஏலம் விடுவோம். எடுத்தவர் பெரும்பாலும் பணத்தையும் கட்டிவிட்டு, "மறுபடி போடுங்க" என்று பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வருஷ ஏலம் மலாவி நாட்டில் ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துக்கு. என் தங்கை மெர்சி அங்கே டீச்சர். மழைக்காலத்துக்குள் வகுப்பறைக்குக் கூரை போடாவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று போனில் அழுதிருந்தாள்.

தோட்டக் கூலிகளாக இருந்த எங்கள் முன்னோர்களின் பிள்ளைகளுக்கு, எங்கிருந்தோ வந்த யாரோதான் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது நாங்கள் இன்னொருவருக்குக் கட்டுகிறோம் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. போதாக்குறைக்கு, சபையில் முதன்முதலாக ஏலம் கூவும் பெண் நான்தான். (உனக்கு மைக் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டதை இங்கே எழுதப் போவதில்லை.)

சாமான்கள் தீர்ந்துவிட்டன, பணம் பற்றவில்லை. சபை வாசல் வேப்பமரத்தில் ஒரு கறுப்புக் கிடாய் கட்டியிருந்தது கண்ணில் பட்டது. கர்த்தரே அனுப்பினார் என்று முடிவுகட்டி அவிழ்த்துவரச் சொன்னேன். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. காணிக்கையை அலங்கரித்தே கொண்டுவந்திருக்கிறார்கள், என்ன பக்தி என்று மைக்கிலேயே பாராட்டினேன்.

மூன்று பேர் எடுத்தார்கள், மூவரும் திருப்பிக் கொடுத்தார்கள். நான்காவது முறை கூவும்போது பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி அண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, அது என்ற கிடாயிங்க. டீ குடிக்கலாம்னு மரத்துல கட்டிட்டுப் போனனுங்க."

"காணிக்கைக்குத்தானுங்கண்ணா?"

"ஆமாங்க. கருப்பராயனுக்குங்க."

கூட்டம் கிடாயைப் பார்த்தது. பாஸ்டர் வானத்தைப் பார்த்தார். கூரை போச்சு என்று நினைத்தேன். ஏலப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். எடுத்தவர்கள் வாங்க மறுத்தார்கள்.

"குடுத்தது குடுத்ததுதானுங்க, பள்ளிக்கோடத்துக்குத்தான?" என்றார் ஒருவர்.

"எந்தப் பள்ளிக்கோடமுங்க?" என்று பழனிச்சாமி அண்ணன் கேட்டார். மெர்சி சொன்னதையெல்லாம் சொன்னேன். டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சும்மா ஓட்டிட்டுப் போனா நல்லாருக்காதுங்க. என்ற பேர்லயும் ஒருக்கா கூவுங்க."

மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டார். அவருக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. சொந்தக் கிடாயைத் தானே ஏலம் எடுத்து ஓட்டிக்கொண்டு போனார். நான் மைக்கை அணைக்காமலே அழுதேன், மெயின் ரோடு வரை கேட்டதாம்.

கிடாய் கருப்பராயனுக்குப் போய்ச் சேர்ந்தது. கூரையும் மழைக்கு முன்னால் ஏறியது. மெர்சி சொன்ன கதையைக் கேட்டு, பிள்ளைகள் அந்த வகுப்பறைச் சுவரில் மஞ்சள் கயிறோடு ஒரு கறுப்புக் கிடாயை வரைந்திருக்கிறார்கள். மெர்சி அனுப்பிய அதன் போட்டோதான் இன்றும் பழனிச்சாமி அண்ணன் செல்போனின் முகப்பில் இருக்கிறது, கேட்காதவர்களுக்கும் காட்டுவார்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் வருகிறார். டீ குடிக்கப் போகும் முன் என் வீட்டுக்காரரிடம் மறக்காமல் சொல்லிவிட்டுப் போவார்:

"ஏனுங்க மாப்ள, வண்டிய மரத்தடில நிறுத்தியிருக்கறனுங்க. அது காணிக்கை இல்லீன்னு அம்மணிகிட்டச் சொல்லிப்போடுங்க."