பன்னிரண்டாம் போர்ட்

"மேடம், டாக்டர் வாயைத் தொறந்தபடியே நிக்கிறார்," என்றார் மருத்துவமனை மேலாளர் போனில்.

அவர் சொன்னது புதுக் கட்டட அரங்கின் திரையை. இதய மருத்துவர் பழைய கட்டடத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்; அங்கே திரையில் கொட்டாவி விடுபவர்போல உறைந்திருந்தார். பதினோரு மணிக்கு நூற்றிருபது மாணவர்களுக்கு வகுப்பு. மணி பத்தேகால்.

மருத்துவமனையின் நெட்வொர்க் அவள் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் 'கேபிள் மேடம்'. கட்டடங்களின் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் கணக்கைத் திரையில் திறந்தாள். புதுக் கட்டடத்துக்குப் போகும் கேபிளைச் செருகிய பன்னிரண்டாம் போர்ட்டில் பிழைகள் நாற்பதாயிரம்.

பதறவில்லை. அந்த எண் ஸ்விட்சை முடுக்கிய நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. பழைய பாவமாகவும் இருக்கலாம். பூஜ்யமாக்கிவிட்டுக் காத்திருந்தாள். ஒரே நிமிடத்தில் முந்நூறு. பாவம் புதிதுதான்.

கேபிளை மாற்றலாம் என்று ஒன்றைப் பிடுங்கினாள். போன் அடித்தது.

"வார்டுல ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எதுவும் வரலை. யாரு என்ன பண்ணீங்க?"

பிடுங்கியது பதிமூன்றாம் போர்ட். திரும்பச் செருகிவிட்டு, சரியான கேபிளை மாற்றினாள். பிழை ஐந்நூறு.

போன் மறுபடி அடித்தது. கணவன்.

"வீட்டுல நெட் வரலை."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"அதான் உன் படிப்பா?"

"அதேதான். வைங்க."

அப்போதுதான் கவனித்தாள்: பிழைகளோடு மோதல்களும் ஏறிக்கொண்டிருந்தன. நோய் புரிந்துவிட்டது. ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே முறையில் பேச வேண்டும். ஒரு முனை இருவழிச் சாலை என்று நினைத்து வண்டியை விட, மறுமுனை ஒருவழி என்று நினைத்தால் முட்டல்தான். இவள் முனை, மறுமுனையைக் கேட்டுத் தானே முறையைத் தேர்ந்துகொள்ளும் 'ஆட்டோ'வில் இருந்தது; பதில் வராவிட்டால் ஒருவழி என்று எடுத்துக்கொள்ளும். மறுமுனையை யாரோ 'ஃபுல்' என்று, பதிலே சொல்லாத இருவழியாக, இறுக்கி வைத்திருக்க வேண்டும். இவளும் ஃபுல் போட்டாள்.

பிழை நின்றது. டாக்டர் வாயை மூடினார். இரண்டு நிமிடம். பிறகு பிழை மளமளவென்று ஏறியது.

"இப்ப கண்ணை மூடிட்டு நிக்கிறார் மேடம். ஸ்டூடண்ட்ஸ் வர ஆரம்பிச்சுட்டாங்க," என்றார் மேலாளர்.

ஆட்டோவுக்குத் திரும்பினாள். ஒரு நிமிடம் அமைதி. மறுபடி ஏற்றம். ஃபுல். அமைதி. ஏற்றம். ஆட்டோ. இவள் கையெடுக்கக் காத்திருந்ததுபோல ஒவ்வொரு முறையும் கெட்டது. பன்னிரண்டு வருட அனுபவத்தில் எந்த ஸ்விட்சும் அவளிடம் இப்படி வம்பு வளர்த்ததில்லை.

மறுமுனை புதுக் கட்டடம் கட்டிய நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. மணி பத்து ஐம்பது. தன் முனையை ஆட்டோவில் விட்டு, திரையை அணைக்கக்கூட நேரமில்லாமல் அறையைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

நான்கு மாடி. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போனதால் படியேறி, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தாள். ஸ்விட்ச் அறை வாசலில் காவலாளியம்மா மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரும் இல்லை. திரை திறந்தபடியே கிடந்தது. நினைத்தது சரி: ஃபுல்.

"அடப்பாவி," என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவுக்கு மாற்றி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினாள். பத்து விநாடி. இருபது விநாடி. பூஜ்யம். அரங்கிலிருந்து டாக்டரின் குரல் கணீரென்று கேட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

டாக்டர் "இதயம்" என்று ஆரம்பித்து "இத... இத... இத..." என்று நின்றார். பிழை நூறு. இருநூறு.

கேபிள் மேடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது எப்படி? அங்க நான் ஆட்டோல வச்சுப் பூட்டிட்டு வந்தேன். அந்த ரூம்ல ஆளே கிடையாதே."

"இருக்காரே மேடம்," என்றாள் காவலாளியம்மா. "காலையிலேர்ந்து அவர் சரிபண்ணப் பண்ண எதிர்ப்பக்கம் யாரோ மாத்திக்கிட்டே இருக்காங்கன்னு, இங்க இருந்த கம்பெனி சார் இப்பத்தான் உங்க மேனேஜர்கிட்ட சாவி வாங்கிட்டு உங்க ரூமுக்குப் போனார்."