மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு காய்ச்சலும்

எந்தப் பொருளை வாங்கினாலும் மூன்று கடைகளில் எழுத்துமூலம் விலைப்புள்ளி பெற்று, குறைந்த விலைக்காரரிடமே வாங்க வேண்டும் என்பது அரசுக் கொள்முதல் விதி. அவசரமென்றால் இது பொருந்தாது என்பது அதற்கு அடுத்த வரி. அந்த அடுத்த வரியை அலுவலகத்தில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவன் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம். காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் சாமான்கள் வாங்கும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவி மீனாட்சிக்கு டைபாய்டு. டாக்டர் மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்து, "இன்னைக்கே ஆரம்பிச்சிரணும். விலை கொஞ்சம் கூட" என்றார். (இரண்டாவது வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது.)

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த முதல் கடையில் விலை சொன்னார்கள். அதைக் கடைத்தாளில் எழுதி முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, மாத்திரை வாங்க வந்தீகளா, பாலம் கட்டச் சிமெண்டு வாங்க வந்தீகளா?"

இரண்டாவது கடையில் மாத்திரைக்கு ஐந்து பைசா குறைவு. அங்கேயே வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் கையில் இரண்டு விலைப்புள்ளிகள்தானே இருந்தன? பள்ளத்தூரில் மலிவு என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வர, பஸ் ஏறினேன்.

பள்ளத்தூர் கடையில் வேலையாள் மட்டும் இருந்தார்.

"மொதலாளி சரக்கெடுக்கக் காரைக்குடி போயிருக்காக. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலதான் எடுப்பாக. நீங்க எங்குட்டிருந்து வாரீக?"

காரைக்குடி என்றேன். அவர் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைச் சொன்னார். அப்படியும், விலையைத் தபாலில் அனுப்பும்படி என் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது இரண்டாவது கடை பூட்டியிருந்தது. மூன்றாவது கடையிலும் விலை கேட்டாயிற்று, கையிலிருக்கும் இரண்டில் குறைந்தது எதுவென்று முடிவாகிவிட்டது, காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன்.

மீனாட்சியின் அண்ணன், தச்சு வேலை செய்பவர், அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வாங்கிட்டீகளா?"

"விலை கேட்டிருக்கேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன்தான் பேசினார்.

"சீட்டையும் தூக்கிட்டு ஊர்வலம் போயிட்டீகளே மாப்ள. டாக்டரைத் தேடிப் பிடிச்சு, வேற சீட்டு எழுதி வாங்கி, இப்பத்தான் மொத மாத்திரை கொடுத்தேன். 'அந்தக் கொட்டேஷன்காரர் வீடா'ன்னு கடையில கேட்டாக. ஆமான்னு சொல்ல வாய் வரல."

காய்ச்சல் இறங்கப் பல நாளாயிற்று. இடுப்பு வரை இருந்த அவள் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டைபாய்டு வந்தால் அப்படித்தான், தாமதம் காரணமில்லை என்றார் டாக்டர். வீட்டில் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டவன் நான் ஒருவனே.

இன்றும் பேரனுக்குத் தலைவலி என்றால், "தாத்தாகிட்டச் சொல்லாத. கொட்டேஷன் வாங்கப் போயிருவாக" என்கிறாள் மீனாட்சி.

பள்ளத்தூரிலிருந்து பதில் வரத்தான் செய்தது. அஞ்சலட்டை. மூன்றில் அதுதான் அதிக விலை. தபால்காரரிடமிருந்து அதை வாங்கிப் படித்தவள் மீனாட்சி. ஆடியில் கேட்ட விலைக்கு அதிலிருந்த தேதி: கார்த்திகை ஒன்று.