பன்றிப் புத்தகத்தை மட்டும் பட்டியலில் சேர்க்காதே

அருமை மருமகள் தெலெசியாவுக்கு,

உன் தாய்மாமன் ஹகாயா, தேங்காய்க்கும் உப்புக்காற்றுக்கும் குறைவில்லாத நம் தீவிலிருந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மழைநீர்த் தொட்டியும் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதே. அவ்விடம் நீயும் என் அக்காவும் வெலிங்டன் குளிரும் ஆண்டவர் அருளால் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் போன கப்பலில் வந்தது. நம் பசிபிக் தீவுக்காரர்களே எழுதிய சிறுவர் புத்தகங்களில் நல்லதாகப் பொறுக்கி வகுப்பறைகளுக்கென்று ஒரு பட்டியல் போடுகிறாய், பட்டியலில் ஏறுகிற புத்தகமெல்லாம் நம் டோக்கெலாவ் பள்ளிகளுக்கு இலவசமாக வரும், போன வருஷம் நீ அனுப்பிய பெட்டியில் பிள்ளைகளுக்கு எவை பிடித்தன என்று விசாரித்து எழுதுங்கள் மாமா என்று கேட்டிருக்கிறாய். அக்காள் பிள்ளையின் சொல்லைத் தட்டிய தாய்மாமனுக்குத் தூண்டிலில் மீன்கூட மாட்டாது என்பது நம் ஊர் நம்பிக்கை. எனவே சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை வானொலி நிலையத்தில் உட்கார்ந்து கடலுக்கு அப்பால் ஆப்பியா நகருக்கு வானிலை சொன்னவன் நான். உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

முதலில் அந்தப் பெட்டிக்கு நேர்ந்த கதியைக் கேள். அது கரையிறங்கிய அன்று மெலீனா டீச்சர் பல் பிடுங்க ஆப்பியா போயிருந்தாள். பெட்டியைப் பிரித்தவர்கள் நம் ஊர்ப் பங்கு பிரிக்கிற ஆட்கள். அவர்கள் கையில் எது கிடைத்தாலும் இநாதிப் பங்குதான், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று மணலில் கூறு வைத்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். "இது பள்ளிக்கூடத்துக்கு வந்ததுப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். பங்கு பிரிக்கிற லெபாயோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கடல் வழியாத்தானே வந்துச்சு? கடல் குடுத்தது ஊருக்குப் பொது. சூரை மீனுக்கு ஒரு நியாயம், புத்தகத்துக்கு ஒரு நியாயமா? அதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றான். கொம்பு முளைக்கவில்லைதான். பிள்ளைகுட்டி நிறைந்த வீடுகளுக்கு நாலும் ஐந்துமாகப் போயின. கண் தெரியாத இயோவானே கிழவருக்கு ஒன்று இரண்டு மூன்று கற்றுத்தரும் புத்தகம் விழுந்தது, அவர் மரியாதையாக முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். என் வீட்டில் தலை ஒன்றுதான் என்பதால் எனக்கு ஒரே ஒரு புத்தகம். 'கடலுக்குப் போன பன்றி' என்று பெயர், சவாயீ தீவுக்காரர் யாரோ எழுதியது. டீச்சர் வீங்கின கன்னத்தோடு திரும்பி வந்து வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்பது நம் ஊரில் நடக்கிற காரியமா? "மீனத் தின்னப்பறம் முள்ளத் திருப்பிக் கேப்பியா?" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவளுக்கு ரோஷம் வந்து, "புத்தகம் பள்ளிக்கூடத்துக்கு வராட்டிப் போகுது, பள்ளிக்கூடம் புத்தகத்துகிட்டப் போகட்டும்" என்று சொல்லிப் பிள்ளைகளைச் சாயங்காலம் சாயங்காலம் வீடுகளுக்கு விரட்டிவிட்டாள்.

அப்படித்தான் என் வீட்டுக்கும் பிள்ளைகள் வந்தார்கள். அதற்குமுன் என் வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் மாமி அனா காலமானபிறகு, மாதத்துக்கு ஒருமுறை வீட்டுச் சுத்தம் பார்க்க வரும் பெண்கள் குழுவைத் தவிர வேறு யாரும் என் வாசலை மிதித்ததில்லை. அதற்காகவே முதல்நாள் தேங்காய் மட்டையை எல்லாம் முற்றத்தில் இறைத்து வைப்பேன். சுத்தமாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், குப்பையாக இருந்தால் நின்று நிதானமாகத் திட்டுவார்கள். என் மகன் தோமாசி, உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பொரிருவாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் காட்டுகிறான். பாதிப் பேச்சில் படம் அசையாமல் நின்றுபோகும். வாயைத் திறந்தபடி நிற்கிற பிள்ளையைப் போனோடு அணைத்துவிட மனசு வராமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊரில் வீட்டுக்கு வீடு கூரை முட்டுகிறது, அடுத்த வீட்டில் தும்மினால் நான் ஆசீர்வாதம் சொல்லலாம். ஆனாலும் பேச ஆளில்லை. எனக்குத் தனிமைதான், தெலெசியா, சுற்றி வளைப்பானேன்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் நான் எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் வாசித்தேன். தொண்டையைக் கனைத்து, ஆப்பியாவுக்குப் புயல் சொல்கிற அதே குரலில் ஒரு பக்கம், முடிந்ததும் "ஓவர்!" அவர்கள் திகைத்துப்போய் என் முகத்தைப் பார்த்தார்கள். மறுமுனை பதில் சொல்லாமல் மேலே போகக்கூடாது என்பது வானொலி விதி என்று விளக்கினேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் "ஓவர்!" என்று போடுகிற கூச்சலில் கூரைத் தகரம் எழுந்து உட்காருகிறது. இதற்கிடையில் வந்தது வினை. ஒருநாள் புத்தகத்தை வெளியே வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனேன். அதற்குள் என் வீட்டுப் பன்றி நடுவிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துத் தின்றுவிட்டது. தன் இனத்தைப் பற்றி எழுதியிருந்தது பொறுக்கவில்லையோ என்னவோ. இப்போது பார், ஒரு பக்கத்தில் பன்றி பவளப்பாறை விளிம்பில் நிற்கிறது, அடுத்த பக்கத்தில் சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் நிற்கிறது. நடுவில் நடந்தது பன்றி வயிற்றில். பிள்ளைகள் விடுவார்களா? "என்னாச்சு தாத்தா?" நான் என்ன செய்வேன், இட்டுக்கட்டினேன். ஒருநாள் பன்றி சுறாவிடம் வழி கேட்டது, ஒருநாள் கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஏறி மாட்டிக்கொண்டது. ஒருநாள் நியூசிலாந்துக்கே நீந்திப்போய்க் குளிர் தாங்காமல் திரும்பியது என்றேன். லெபாயோவின் மகள் நிவே சட்டென்று எழுந்து, "எங்க அண்ணனப் பாத்துச்சா?" என்றாள். "பாத்துச்சு." "என்ன கேட்டுச்சு?" "சாப்பிட்டியான்னு கேட்டுச்சு." அவள் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு "ஓவர்" கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. அந்தத் தோமாசிப் பயலையும் யாராவது அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். நீ அனுப்புவதற்குமுன் வந்த பெட்டிகளில் எல்லாம் பனியும் நரியும்தான். "நரின்னா என்ன மீன் தாத்தா, கறி நல்லாருக்குமா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன சொல்லிக்கொடுப்பது? உன் பெட்டியில் நியுவே தீவுப் பெண்மணி ஒருத்தி எழுதிய 'விமானம் ஏறிய சேம்பு' இருந்ததே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு சேர். கிழங்கை ஆக்லாந்து உறவுக்காரர்களுக்குப் பார்சல் கட்டுகிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பார்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னாள், கணக்கு வகுப்பே அன்று அதிலேயே போயிற்று. ரரோதோங்காக்காரர் ஒருவர் எழுதிய, கோயிலில் முன்வரிசைத் தொப்பி மறைப்பதால் பாதிரியாரையே பார்த்திராத சிறுமியின் கதையையும் சேர். படிக்கத் தெரியாத சின்னதுகள்கூடப் படத்தைப் பார்த்து, இது இன்னார் அத்தை தொப்பி என்று சொல்லிவிடுகின்றன. துவாலு எண்ணிக்கைப் புத்தகம் வேண்டும், இயோவானே கிழவருடையதைப் பிள்ளைகள் படித்துப் படித்து அதன் முதுகு பிய்ந்துவிட்டது. அவருக்கு இப்போது நூறுவரை மனப்பாடம். தோங்காப் புத்தகம் நல்லதுதான், ஆனால் நடுவில் புத்திமதி அதிகம், பெரிய வகுப்புக்குப் போடு, அவர்களுக்குத்தான் அது காதில் விழாது.

பன்றிப் புத்தகம் வேண்டவே வேண்டாம். காரணம் கேட்பாய். ஒன்று, அந்தப் பன்றி கடலைக் கண்டு பயப்படுகிறது, நம் ஊர்ப் பன்றி பவளப்பாறைவரை நீந்திப்போய்ச் சிப்பி தின்னுகிற பன்றி, பிள்ளைகளுக்குத் தப்பான பாடம். அப்புறம் படத்தில் வால் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு திசையில் சுருண்டிருக்கிறது. அப்புறம் அதைப் படித்தால் பிள்ளைகள் ரொம்பச் சத்தம் போடுகிறார்கள், மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதுகிறது கூடக் கேட்பதில்லை என்று லெபாயோ எனக்கே வந்து புகார் சொன்னான். அப்புறம்... சரி, போகட்டும். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் வீறாப்பாக எழுதிவிட்டேன், இப்போது முழிக்கிறேன். இந்த ஊரில் அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, தெலெசியா. காணாமற்போன பக்கத்துக்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். முழுப் புத்தகம் ஒன்று பள்ளிக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் என் வாசலுக்கு யார் வருவார்கள்? இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு. பதிலுக்கு வேறு என்ன கேட்டாலும் செய்கிறேன், காய வைத்த மீன் ஒரு கட்டு இத்துடன் வருகிறது, சுங்கத்தில் பிடிக்காவிட்டால் உனக்கு.

அக்காவுக்கு என் வணக்கம். அவள் முட்டிக்குத் தேங்காயெண்ணெய் சூடாகத் தடவச் சொல். உனக்கு நல்ல மாப்பிள்ளை அமையவும், அவனுக்கு நீந்தத் தெரிந்திருக்கவும், பாதிரியாரிடம் சொல்லி ஜெபம் வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும் தாய்மாமன்,
ஹகாயா

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு அதன் முதுகில் எழுதுகிறேன். படகுத்துறைக்குக் கிளம்புகிற நேரத்தில் நிவே வந்து, யாருக்குக் கடிதாசி என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் புதுப் புத்தகம் வரப்போகிறது, பன்றிப் புத்தகம் மட்டும் வராது என்றேன். "அதான் வகுப்பிலயே இருக்கே தாத்தா. டீச்சர் பங்குல அவங்களுக்கும் அதேதான் வந்துச்சு" என்றாள். "அப்போ அந்தப் பக்கம்?" "அதுல பன்னி சும்மா பாறை மேல தூங்குது. அலை வந்து நனைச்சிடுது. அவ்வளவுதான்." "எப்பவிருந்து தெரியும்?" "மொதல்லேந்தே." பிறகு எதற்காக என் வீட்டுக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்ல கத்துனா பாப்பா முழிச்சுக்கும், ஸ்கூல்ல கத்துனா டீச்சர் அடிப்பாங்க. உங்க வீட்லதான் யாருமே இல்லையே தாத்தா!" ஆகையால், தெலெசியா, உள்ளே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, உனக்கு விருப்பமான புத்தகங்களை, பன்றி உள்பட, அனுப்பு. நான் அவசரமாகக் கிளம்ப வேண்டும். இன்றைக்குச் சின்ன வகுப்பும் வருகிறதாம், உட்காரப் பாய் பற்றாது, லெபாயோ வீட்டில் போய் இரண்டு இரவல் கேட்க வேண்டும்.