தலைவர் மாசிலாமணி குகையை ஒழித்த கதை

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தார். கரடியைப் போய் 'இருந்தார்' என்கிறாயே என்று சண்டைக்கு வராதீர்கள். அவர் காட்டு நலச் சங்கத்தின் தலைவர். தலைவரைப் பிடித்து 'வந்தது, போனது' என்று சொன்னால் அடுத்த கூட்டத்தில் என்மீது கண்டனத் தீர்மானம் போட்டுவிடுவார்கள்.

அந்தச் சங்கம் செய்த வேலை, கூட்டம் போடுவது. கூட்டத்தில் செய்த வேலை, தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவது. உடம்பெல்லாம் மயிர் மண்டிய ஒரு பிராணிக்குச் சித்திரை வெயிலில் ஜரிகைத் துணியைப் போர்த்துகிறோமே, இது பாராட்டா பழிவாங்கலா என்று யாரும் யோசிக்கவில்லை. மாசிலாமணியும் யோசிக்கவில்லை. போட்டோ எடுத்து முடியும்வரை வியர்த்துக்கொண்டே சிரிப்பார். பிறகு குகைக்குக் கொண்டுவந்து நாலாக மடித்து அடுக்கிவைப்பார்.

இப்படிச் சேர்ந்தவை இருநூற்றுப் பதினான்கு. பொன்னாடை என்பது எந்தப் பருவத்துக்கும் ஆகாத துணி. வெயிலில் போட்டால் உடம்பு வேகும். மழையில் போட்டால் சாயம் போகும். மார்கழிக்குப் போர்த்திக்கொள்ளலாம் என்றால் ஜரிகை குத்துமே தவிரக் குளிர் அடங்காது. கரித்துணிக்குக்கூட லாயக்கில்லை. ஆனாலும் பொன்னாடையாயிற்றே, தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

குகை நிரம்பிவிட்டது. மாசிலாமணியின் மனைவி கோசலை மூட்டுவலிக்காரி. ஒரு பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தாள். கால் நீட்டிப் படுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தலைவருடைய பின்பாதி குகைக்குள்ளும் முன்பாதி வெளியிலுமாக இருந்தது. கோடையில் காற்றோட்டம் என்று சமாளித்தார். புரட்டாசி முடியப்போகிறது, மேகம் கூடிவிட்டது.

"ஏங்க, இந்த மழைக்கு உங்க தலை நனையட்டும், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் கோசலை. "ஆனா போன வருஷம் மாதிரி நனைஞ்சுட்டு வந்து என்மேல உதறினீங்கன்னா, நான் எங்கண்ணன் குகைக்குப் போயிருவேன். மழைக்கு முன்னால இதையெல்லாம் ஒழிக்கிறீங்க."

மைத்துனரின் குகை மூன்று மலை தள்ளி இருந்தது. கோசலை போய்விட்டால் தேன்கூட்டைக் கண்டுபிடிப்பது யார்? அவருக்குத் தேனைத் தின்னத்தான் தெரியும்.

ஆகவே நிபுணரை அழைத்தார். நிபுணர் திருமேனி என்ற மயில். பருவத்துக்கேற்ற உடை விஷயத்தில் அந்தக் காட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பார்ப்பதற்கே முன்பதிவு செய்து, படிவம் நிரப்பி, ஆறு நாள் காத்திருக்க வேண்டும்.

"தலைவரே, ஆடி மாசத்துல என்கிட்ட எவ்வளவு தோகை இருந்துச்சு! இப்ப ஒண்ணாவது சேர்த்து வச்சிருக்கேனா பாருங்க" என்று திருமேனி திரும்பி நின்று காட்டினார். தோகையெல்லாம் உதிர்ந்துபோய்ப் பின்புறம் மொட்டையாக இருந்தது. கோசலை தலையில் அடித்துக்கொண்டு தேனெடுக்கக் கிளம்பிவிட்டாள்.

வெளியே வேங்கை மரத்தடியில் திருமேனி மூன்று பலகைகளை நட்டார். முதல் பலகையில் 'இருக்கட்டும்', இரண்டாவதில் 'போகட்டும்', மூன்றாவதில் 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தது.

"ஒவ்வொண்ணா எடுங்க. போன ஒரு வருஷத்துல இது எனக்குப் பயன்பட்டுச்சான்னு கேளுங்க. ஆமான்னா முதல் பலகை, இல்லைன்னா ரெண்டாவது."

"மூணாவது?"

"அது மனசு பலவீனமானவங்களுக்கு."

மாசிலாமணி முதல் பொன்னாடையை எடுத்தார். அது நரிகள் முன்னேற்றப் பேரவை போர்த்தியது. பயன்படவில்லை, ஆனால் அன்று கைதட்டல் பலமாக இருந்தது. பார்க்கலாம். அடுத்தது முயல்கள் போர்த்தியது. சின்னப் பிராணிகள், பாவம், எட்டாமல் காலில்தான் போர்த்தின. பார்க்கலாம். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினான்கும் மூன்றாவது பலகையின் கீழே மலையாகக் குவிந்தன.

"ஒண்ணையாவது 'போகட்டும்'ல போடுங்க தலைவரே. என் தொழிலுக்கே கேவலம்" என்றார் திருமேனி.

மாசிலாமணி குகைக்குள் துழாவினார். மூலையில் ஒரு பழைய கம்பளி கிடந்தது. போன ஒரு வருஷத்தில் இது எனக்குப் பயன்பட்டதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டுமென்றால், இல்லை. அவர் அதை ஒருநாளும் போர்த்தியதில்லை. பெருமிதத்தோடு 'போகட்டும்' பலகையின் கீழே வைத்தார். திருமேனி கைதட்ட முடியாமல் இறக்கையைத் தட்டினார்.

அடுத்த கேள்வி, இந்த மலையை யார் தலையில் கட்டுவது என்பது. மடித்துக் கையில் கொடுத்தால் உன் பழசு எங்களுக்கு எதற்கு என்பார்கள். மேடையில் ஏற்றித் தோளில் போர்த்தினால் எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். அது அந்தக் காட்டின் வழக்கம். யோசனை திருமேனியுடையது, அதற்குக் கட்டணம் தனி.

மறுநாள் விடிந்ததும் 'அனைத்துயிர்ப் பாராட்டு விழா' தொடங்கியது. குதித்ததற்காக முயலையும், குதிக்காததற்காக ஆமையையும் பாராட்டினார்கள். இருபது மணிநேரம் உழைத்துத் தூங்கியதற்காகத் தேவாங்குக்கு ஒன்று. குளவிகளுக்குக் கூட்டோடு சேர்த்து ஒன்று. மலைப்பாம்புக்கு நீளம் பற்றவில்லை, ஆகவே அந்தக் கம்பளியையும் சேர்த்துப் போர்த்தினார்கள். மூன்றே நாளில் எல்லாம் காலி.

நாலாம் நாள் சாயங்காலம் தேன்கூட்டோடு திரும்பிய கோசலை வெறும் குகையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"என் கம்பளி எங்க?"

"போன ஒரு வருஷத்துல பயன்பட்டா 'இருக்கட்டும்', இல்லன்னா 'போகட்டும்', மனசு பலவீனமா இருந்தா 'பார்க்கலாம்'னு நிபுணர் சொன்னாரு. கம்பளி எனக்குப் பயன்படலன்னு..." என்று மாசிலாமணி இழுத்தார்.

கோசலை தேனை முழுக்கத் தானே தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள். மாசிலாமணி அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு முதல்முறையாக முழுக் கரடியும் குகைக்குள் தூங்கியது. மன்னிக்கவும், தூங்கினார்.

விடிந்ததும் அழைப்பிதழ் வந்தது. 'எங்களைப் பாராட்டிய ஏந்தல் மாசிலாமணிக்கு மாபெரும் எதிர்ப்பாராட்டு விழா. வெள்ளிக்கிழமை. ஒவ்வொருவரும் ஒரு பொன்னாடையுடன் வரவும்.' செய்த மரியாதையைத் திருப்பிச் செய்யாமல் விட்டால் அந்தக் காட்டில் தலைகாட்ட முடியாது. இது தலைவருக்குத் தெரியாததல்ல. பாராட்டுகிற மும்முரத்தில் மறந்துவிட்டார்.

நடுங்கிப்போன மாசிலாமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. மனிதர்கள் கரடியைக் கண்டால் செத்தமாதிரி கிடந்து தப்பிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கரடியிடம் பலிப்பது முயலிடம் பலிக்காதா?

"கோசலை, நான் செத்துட்டேன்னு சொல்லிரு."

"எப்ப செத்தீங்கன்னு சொல்ல?"

"வியாழக்கிழமை."

"இன்னைக்கே சொல்லிர்றேனே" என்று கோசலை கிளம்பினாள். அவள் நடையில் மூட்டுவலி தெரியவில்லை.

குகை வாசல் பாறையில் மாசிலாமணி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். காடே திரண்டு வந்தது. எல்லோர் முகத்திலும் துக்கம், எல்லோர் கையிலும் துணி. மாசிலாமணி போர்த்தியதை மட்டுமா கொண்டுவந்தார்கள்? உயிரோடிருப்பவருக்குப் போர்த்தினால் நாளைக்குத் திரும்பி வரும். செத்தவருக்குப் போர்த்தியது வராது. ஒவ்வொரு பொந்திலும் புதரிலும் வருடக்கணக்கில் கிடந்த சால்வை, கிழிந்த ஜமுக்காளம், பித்தான் போன ஸ்வெட்டர் எல்லாம் வந்தன. முயல் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே நாலு போர்த்தியது. தேவாங்கு தூக்கத்திலேயே இரண்டு. ஆமை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு நடை போதாமல், மறு நடைக்குத் திரும்பிப் போனது. நிபுணர் திருமேனி தம் வீட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய உதிர்ந்த தோகைகளைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அப்படியானால் இத்தனை வருடமும் அந்த மனிதர், அந்த மயில், சேர்த்துத்தான் வைத்திருந்தார்!

மலைப்பாம்பு கம்பளியைப் போர்த்த வந்தபோது மட்டும் கோசலை குறுக்கே போய், "இது எனக்கு இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள்.

அப்போது இடி இடித்தது. ஐப்பசி மழை கொட்டியது. துக்கத்துக்கு வந்தவர்கள் காலிப் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மனசும் வீடும் லேசாகி ஓடினார்கள்.

நனைந்த துணிக் குவியலுக்கு அடியிலிருந்து மாசிலாமணி திணறி வெளியே வந்தார். பத்துப் பொன்னாடைகளின் சாயம் ஏறி, ஊதாவும் மஞ்சளுமாக நின்றார். குகைக்குள் பார்த்தார். உள்ளே சுத்தமாக, காய்ந்து, விசாலமாக இருந்தது. நட்டநடுவில் கோசலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிப் படுத்திருந்தாள். மூன்று வருடத்தில் அவள் முகத்தில் இவ்வளவு நிம்மதியை அவர் பார்த்ததில்லை. அவருக்கே பொறாமையாக இருந்தது.

"கொஞ்சம் நகரு கோசலை, நான் உள்ள வரேன்."

கோசலை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"ஏங்க, போன ஒரு வருஷத்துல நீங்க எனக்கு எதுக்காச்சும் பயன்பட்டீங்களா?"

மாசிலாமணி யோசித்தார். மழையில் நின்று வெகுநேரம் யோசித்தார். சித்திரை மாதம் ஒருநாள் அவள் முதுகைச் சொறிந்துவிட்டதாக ஞாபகம். அதுவும் பாதியில் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

"முதுகு..." என்று ஆரம்பித்தார்.

கோசலை கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டி வேங்கை மரத்தடியைக் காட்டினாள். அங்கே மூன்று பலகைகளும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. 'போகட்டும்' என்ற பலகையைத்தான் காட்டுகிறாளோ என்று மாசிலாமணிக்குச் சந்தேகம். பதறிப்போய் அவள் விரல் போன திசையைக் கூர்ந்து பார்த்தார். இல்லை, மூன்றாவது.

அவள் மனசு பலவீனமானவள்தான் என்று ஆறுதல்பட்டுக்கொண்டு, தலைவர் போய் 'பார்க்கலாம்' பலகையின் கீழே அடக்கமாக உட்கார்ந்தார். அந்த வழியாக வந்த ஆமை, செத்தவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடக் கேட்காமல், அவர் நனையாமலிருக்க, தன் இரண்டாம் நடையில் கொண்டுவந்த பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் போனது.

நீதி: பயன்படாததைக் கழித்துக் கட்டும் வழியை வீட்டில் உரக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள், உங்கள் முறையும் வரும்.