ரூபி இன்னிக்கு லீவு

வீட்டில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனால் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று கேட்டால், பரீட்சை எழுதுகிறவனுக்கு என்பார்கள். சுத்தப் பொய். அவனுக்குப் பாதாம் பால் கிடைக்கும், ஃபேனுக்கு நேர் கீழே இடம் கிடைக்கும், கறிவேப்பிலை வாங்கிவரக் கடைக்கு விரட்ட மாட்டார்கள். கஷ்டமெல்லாம் அவன் தங்கைக்குத்தான். ஆறாம் வகுப்பு படிக்கிற, ஒரு பாவமும் அறியாத சின்னப் பெண் அவள். அண்ணனுக்கு டென்த் என்பதால் அவளுக்குக் கேபிள் கட்.

நான் அந்தத் தங்கை. பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கு என்மேல் அனுதாபம் வராது. அதனால் இப்போதே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவியில் ஒரு கார்ட்டூன் தொடர் வரும். ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பள்ளிக்கூடம், அதன் விளையாட்டு மைதானம், அதில் ஐந்தாறு பிள்ளைகள். அந்தப் பள்ளியில் பாடம் நடந்து நான் பார்த்ததே இல்லை. எப்போது பார்த்தாலும் இன்டர்வெல்தான். மைதானம் முழுக்கப் பச்சைப் புல், நடுவில் மாடி உயரத்துக்கு ஒரு சறுக்குமரம், வானத்திலிருந்து பொலபொலவென்று பனி. மஞ்சள் முடி வைத்த பிள்ளைகள், "ஐயையோ, மிஸ் வராங்க, ஓடுங்கடா" என்று நல்ல தமிழில் கத்திக்கொண்டு அந்தப் பனியில் ஓடுவார்கள். (டப்பிங் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த ஊரில் நம்ம ஆட்கள் நிறைய பேர் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.)

எங்கள் பள்ளி மைதானத்தில் செம்மண்ணும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் உண்டு. அந்தத் தொட்டி நிழலில், தினமும் இன்டர்வெல்லில், முந்தின நாள் கதையை நான் சொல்வேன். ஏழு பேர் கேட்பார்கள். ஐந்து மணிக்கு எல்லோருக்கும் டியூஷன் என்பதால் தொடரைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு மட்டும்தான். எனக்குப் படிப்பு சுமார். பாட்டு வராது. த்ரோபாலில் பந்து என்னைத் தேடிவந்து மூக்கில் அடிக்கும். வகுப்பில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அந்தப் பத்து நிமிஷம்தான்.

கேட்கிறவர்களில் முதல் வரிசை நஸ்ரின். கேம்ப் ரோட்டில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஃபர்னிச்சர் கடை. டிவி வந்தால் பிள்ளைகள் படிக்காது என்பது அத்தாவின் தீர்மானம், ஆகவே வீட்டில் டிவியே கிடையாது. நஸ்ரினுக்கு வீசிங் தொல்லையும் இருந்தது. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். பி.டி. பீரியடில் எல்லோரும் ஆட, அவள் தொட்டிப் படியில் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஜூன் மாதம் அண்ணன் பத்தாவது போனான். அந்த வாரமே கேபிள்காரர் வந்து மாடியேறி ஒயரைக் கழற்றிவிட்டுப் போனார். அம்மா டிவிக்குப் பூ வேலை செய்த உறை ஒன்றைப் போட்டு மூடினாள். மறுநாள் தொட்டி நிழலில் ஏழு முகங்கள் என்னை அண்ணாந்து பார்த்தன. "எங்க வீட்ல கேபிள் கட்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. வாயிலிருந்து வந்ததோ, "நேத்து என்னாச்சு தெரியுமா?"

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

தினமும் ஐந்து மணிக்கு உறையைத் தூக்கிவிட்டு, அணைந்து கிடக்கும் டிவிக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். உள் அறையிலிருந்து அண்ணன் ஏதோ ஒரு விதியைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் சத்தம் வரும். கறுப்புக் கண்ணாடியில் எங்கள் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம், கொடியில் ஆடும் அப்பாவின் சட்டை, மெல்ல மெல்ல மஞ்சளாகிற வெயில். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் கண்ணாடியின் ஒரு மூலையில் நுழைந்து, ஈ மாதிரி ஊர்ந்து, மறு மூலையில் மறையும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கொய்யா மரம் சறுக்குமரமாகும், அப்பாவின் சட்டைக்குள் யாரோ ஒரு பையன் வந்துவிடுவான், எல்லாவற்றின் மீதும் சத்தமில்லாமல் பனி விழ ஆரம்பிக்கும். அந்தச் சுகத்தை இப்போது எத்தனை இன்ச் டிவி வாங்கினாலும் அடைய முடியவில்லை. (அம்மா மட்டும் இரண்டு முறை வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.)

கண்ணாடியில் சேலையூர் தெரிந்தால் கதையில் மட்டும் குளிர்தேசம் எப்படி வரும்? ஆகஸ்டுக்குள் அந்த மஞ்சள் முடிப் பிள்ளைகள் டிபன் பாக்ஸில் லெமன் சாதம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் பிடுங்கிக்கொண்டார். ஒரு மழைக்கு அவர்கள் ரோட்டில் முட்டியளவு தண்ணீர். எங்கள் வகுப்பில் பிரவீன் என்று ஒருவன், வருங்கால வக்கீல், "அங்கயும் லெமன் சாதமா?" என்று இழுத்தான். எலுமிச்சம்பழம் உலகம் பூரா இருக்கு என்று சொல்லி அவனை அடக்கினேன்.

ஒருநாள் கதையே வரவில்லை. கண் மைதானத்தைச் சுற்றிவிட்டு நஸ்ரின் மேல் வந்து நின்றது. வழக்கம்போல முழங்காலில் முகவாய். புதுசாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பெயர் ரூபி என்று ஆரம்பித்தேன். வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், அதனால் தினமும் லேட்டாகத்தான் வருவாள். ஆட மாட்டாள். மதில்மேல் உட்கார்ந்து விமானம் எண்ணுவாள்.

நஸ்ரினின் முகவாய் முழங்காலை விட்டு எழுந்தது. அன்றிலிருந்து அவள் ரூபியைப் பற்றி மட்டும்தான் கேட்டாள். ரூபியின் பை என்ன நிறம், ரூபிக்கு ஃப்ரெண்ட் யார், ரூபி ஏன் ஓடுவதில்லை. ஓடினால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்று சொல்லிவிட்டேன்.  யாரும் கிண்டல் பண்ணலியா என்றாள் நஸ்ரின். பண்ணவில்லை, அவள் எவ்வளவு லேட்டாக வந்தாலும் எல்லோரும் காத்திருந்து அப்புறம்தான் ஆட ஆரம்பிப்பார்கள் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் தலைக்கனம் ஏறிவிட்டதே. செப்டம்பரில் கதைக்கு ஸ்போர்ட்ஸ் டேயைக் கொண்டுவந்து, ஓட்டப்பந்தயத்துக்கு ரூபியைப் பெயர் கொடுக்கவைத்தேன். ஏழு பேரும் ஆடிப்போனார்கள். போதாக்குறைக்கு, "சனிக்கிழமை ரேஸ் வருது" என்று தேதியும் குறித்துக் கொடுத்தேன். பொய்க்கு யாராவது தேதி குறிப்பார்களா? நான் குறித்தேன்.

நஸ்ரினின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டிவி ஒன்று இரண்டு மாதமாக அவர்கள் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. ரூபி ஓடுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நஸ்ரின் வீட்டில் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். அத்தா கரைந்துபோய் பெட்டியைப் பிரித்துக் கேபிளும் இழுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நஸ்ரின் வந்து, சனிக்கிழமை சாயங்காலம் டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி எல்லோரையும் அழைத்தாள். எனக்கு மட்டும் தனி உத்தரவு. "நீ என் பக்கத்துலதான் உக்காரணும். யார் யாருன்னு காட்டணும்."

சனிக்கிழமை மத்தியானம் அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தேன். காய்ச்சல் வரவில்லை, வாடைதான் வந்தது. ஆசையாகக் கூப்பிட்டவர்களை ஏமாற்றக் கூடாது என்று அம்மா என்னைக் குளிப்பாட்டி, தானும் புடவை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

அவர்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து, ஆளுக்கொரு ரோஸ்மில்க், ஒரு சமோசா. நஸ்ரின் புது சுடிதார் போட்டிருந்தாள். ஐந்து மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. அன்றைய கதையில் பிள்ளைகள் ஒரு நாய்க்குட்டியைப் பள்ளிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் டே இல்லை. லெமன் சாதம் இல்லை. மதில்கூட இல்லை, வெறும் கம்பிவேலி. முழுசாகப் பத்து நிமிஷம் அந்த நாய்க்குட்டிதான்.

"ரூபி எங்கடி?" என்று நஸ்ரின் என் காதில் கேட்டாள்.

தொண்டையில் சமோசா அடைத்திருந்தது. "இன்னிக்கு அவ லீவு" என்றேன்.

"ரேஸ் அன்னிக்கா லீவு?" என்றான் வக்கீல் பிரவீன்.

"ரேஸைத் தள்ளி வச்சுட்டாங்க. மழை."

திரையில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாய்க்குட்டி வாலாட்டியது. அப்போது விளம்பரம் வந்தது. நஸ்ரினின் அத்தா எழுந்து சத்தத்தைக் குறைத்தார். அந்த மனிதர் மட்டும் அதைக் குறைக்காமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். உள்ளே சமையலறையில் பேசிக்கொண்டிருந்த அம்மாவின் குரல், பெற்ற பெருமை அத்தனையையும் சுமந்துகொண்டு, ஹாலுக்கு வந்தது.

"நாங்க ஜூன் மாசமே கேபிளைக் கட் பண்ணிட்டோம், நஸ்ரின் அம்மா. பெரியவனுக்கு டென்த் இல்லையா? இவளும் தங்கமான பொண்ணு. மூணு மாசமா ஒரு கார்ட்டூன் பார்க்கல, ஒரு வார்த்தை கேக்கல."

ஏழு தலைகள் என் பக்கம் திரும்பின. பிரவீன் ஜூன், ஜூலை என்று விரல் விட்டு எண்ணினான். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாதி சமோசாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். நஸ்ரின் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா நடுத்தெருவில் நின்று, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விஷயம் அண்ணனுக்குப் போனது. மூன்று மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை போனால் போகட்டும், நஸ்ரின் போய்விட்டாளே என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு உறையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் ஜன்னலும் கொய்யா மரமும் மட்டும் தெரிந்தன.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் தொட்டி நிழலுக்கு யாரும் வரவில்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து நஸ்ரின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு விமானம் போனது. இரண்டு பேரும் அதைக் கடைசிவரை பார்த்தோம்.

"ரூபி ஓடினாளா?" என்றாள்.

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லடி. நானா சொன்னேன்."

"தெரியும். அதான் எங்க வீட்லயே டிவி இருக்கே. நேத்தும் பார்த்தேன்." முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஓடினாளான்னு கேட்டேன்."

இதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அதுவரை எந்தக் கதைக்கும் நான் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"ஓடினா" என்றேன். "பாதியில நின்னுட்டா. மூச்சு வாங்கிச்சு. அப்புறம் மறுபடி ஓடினா. கடைசியாத்தான் வந்தா."

"எல்லாரும் வெயிட் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

நஸ்ரின் தலையாட்டினாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் பிரவீனே வந்தான், பொய்யென்று ஒப்புக்கொண்டு சொல்வதாக இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்ற நிபந்தனையோடு.

அண்ணன் பத்தாவதில் வாங்கிய மார்க்கைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் யாரும் பேசுவதில்லை. (சிநேகிதன் வீட்டில் அந்த வருஷம் முழுக்கக் கிரிக்கெட் பார்த்திருக்கிறான்.) என்னுடைய கதையைத்தான் பேசுகிறார்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் அப்பா, "உப்பு இன்னிக்கு லீவா?" என்பார். கரண்ட் போனால் லீவு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் லீவு. வீட்டுக்கு வந்த மருமகன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்ட வார்த்தையும் இதுதான்.

அந்த மருமகனைக் கைப்பிடித்த அன்று, கேம்ப் ரோட்டு மண்டபத்தில், தாலி கட்டி முடிந்து சிநேகிதிகளோடு போட்டோ எடுக்க நின்றோம். எல்லோரும் இருந்தார்கள், திருச்சியிலிருந்து ரயிலில் வரவேண்டிய நஸ்ரினைத் தவிர. போட்டோக்காரர் பறந்தார். "அவ இன்னிக்கு லீவு" என்றான் அண்ணன். மேடையே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தி வரவேண்டும், வராமல் எடுக்க விடமாட்டேன் என்று கல்யாணப் பெண் லட்சணமே இல்லாமல் பிடிவாதம் பிடித்தேன். இருபது பேர் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள்.

மண்டப வாசலில் நீலச் சுடிதார் ஒன்று தெரிந்தது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தது. பாதியில் நின்றது. நெஞ்சில் கையை வைத்து, இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி ஓடிவந்து மேடையேறியது.

"சிக்னல்ல ஆட்டோ நகரவே இல்ல. இறங்கி ஓடி வந்துட்டேன்" என்றாள் நஸ்ரின், மூச்சு வாங்கியபடியே. சுற்றி நின்ற இருபது பேரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாரும் வெயிட் பண்ணீங்களா?"

"பண்ணோம்டி" என்றேன்.